மலக்குடல் புற்றுநோய்: பயாப்சிக்குப் பிறகும் எம்ஆர்ஐ எதற்கு? அதுவும் ஏன் இரண்டு முறை?

பூம்புகாரில் கடலுக்குப் போகிறவரோ, வயலில் இறங்குகிறவரோ, மலத்தில் ரத்தம் வந்தால் முதலில் சொல்வது "மூலம்தான், உடம்பு சூடு". பல நேரம் அது மூலமாகவே இருக்கும். ஆனால் சில வாரம் தாண்டியும் ரத்தம் நிற்கலை, மலம் கழித்த பிறகும் முழுசா போகாத மாதிரி இருக்கு, எடையும் குறையுது என்றால் காத்திருக்கக் கூடாது. டாக்டர் விரலால் பரிசோதித்து, கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கை பயாப்சிக்கு அனுப்புவார். மலக்குடல் புற்றுநோய் என்று உறுதியானால் அடுத்து எழுதித் தருவது இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ.

"அதான் தெரிஞ்சுடுச்சே, இன்னும் எதுக்கு ஸ்கேன்?" என்று வீட்டில் கேட்பார்கள். பயாப்சி இது புற்றுநோயா என்று மட்டும்தான் சொல்லும். எதுவரை போயிருக்கு என்று சொல்லாது.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. அதற்கு வெளியே ஒரு மெல்லிய உறை. இந்த உறை கிழியாமல் மலக்குடலையும் கொழுப்பையும் ஒன்றாக எடுத்தால், நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1980-களில் இங்கிலாந்து சர்ஜன் பில் ஹீல்ட் காட்டினார்.

அப்படியானால் கட்டிக்கும் உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் முக்கியம். எம்ஆர்ஐ அதை அளக்கிறது. 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால், நேராக ஆபரேஷன் செய்யும்போது நோய் உள்ளே மிச்சம் தங்கிவிடும் ஆபத்து அதிகம். அதனால் முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். கட்டி குடல் சுவருக்குள்ளேயே நிற்கிறது என்றால் பலருக்கு நேரடி ஆபரேஷனே போதும். இந்தக் கணக்கு நம்பகமானதா? ஐரோப்பாவில் 11 மருத்துவமனைகளில் 408 நோயாளிகளிடம் நடந்த மெர்குரி ஆய்வு, நம்பலாம் என்று 2006-ல் காட்டியது.

கட்டி ரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கா, ஆசனவாய்த் தசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கு என்பதும் இதில் தெரியும். நிரந்தரமாக வயிற்றில் பை வைக்க வேண்டி வருமா என்ற பயத்துக்குப் பதில் பெரும்பாலும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. நிணநீர் முடிச்சு விஷயத்தில் மட்டும் எம்ஆர்ஐ கொஞ்சம் தடுமாறும். சின்ன முடிச்சிலும் நோய் இருக்கலாம், பெரிய முடிச்சு வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். கல்லீரல், நுரையீரலுக்குப் பரவியிருக்கா என்று பார்க்க சிடி ஸ்கேன் தனி.

இரண்டாவது ஸ்கேன்

கதிர்வீச்சு முடிந்ததும் உடனே பார்த்தால் சரியாகத் தெரியாது. கட்டி சுருங்க நேரம் வேண்டும். பொதுவாக 6 முதல் 8 வாரம் கழித்து எடுப்பார்கள். சிகிச்சை முறையைப் பொறுத்து இது மாறும். நம்ம கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், கிட்டத்தட்ட அவ்வளவு இடைவெளி. பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். ரத்தம் நின்றிருக்கும், வலி இருக்காது, "சரியாப் போச்சு" என்று நடவு வேலைக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள்.

கட்டி இருந்த இடம் தழும்பாக மாறியிருந்தால் எம்ஆர்ஐயில் கருப்பாகத் தெரியும். உயிரோடு இருக்கும் கட்டி சாம்பல் நிறத்தில் தெரியும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, விரல் பரிசோதனை மூன்றிலும் கட்டி இல்லை என்றால், சிலருக்கு ஆபரேஷனே இல்லாமல் கண்காணிக்கலாம். பிரேசிலின் ஏஞ்சலிடா ஹப்ர்-காமா 2004-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் கவனிக்கத் தொடங்கிய முறை இது.

ஆனால் 'ஆபரேஷன் வேண்டாம்' என்றால் 'ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று அர்த்தம் இல்லை. இப்படிக் கண்காணிக்கப்படுகிறவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குக் கட்டி திரும்ப வளர்கிறது, பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள். அதனால்தான் அந்தக் காலத்தில் சில மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானோருக்கு அப்போதும் ஆபரேஷன் செய்ய முடியும். பூம்புகாரிலிருந்து தஞ்சாவூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அத்தனை தடவை போய்வர முடியாது என்றால், அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷனே பாதுகாப்பான முடிவாக இருக்கலாம்.

ஸ்கேனுக்குப் போகும்போது

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, காந்தம்தான். அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்கணும், சத்தம் பலமாக இருக்கும். பேஸ்மேக்கர் இருந்தாலோ உடம்பில் பிளேட், கம்பி வைத்திருந்தாலோ முதலிலேயே சொல்லணும். காப்பீட்டு அட்டை இருந்தால் பணம் கட்டும் முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள்.

இரண்டாவது தடவை போகும்போது முதல் ஸ்கேனின் சிடியும் ஃபிலிமும் கையில் இருக்கணும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது தழும்பு, எது கட்டி என்று ரேடியாலஜிஸ்ட்டால் சரியாகச் சொல்ல முடியும்.