ஆரணியிலிருந்து மாஸ்கோ வரை: வாசுதேவன் பாஸ்கரன் குறித்த இரு ஒற்றைவரிக் குறிப்புகள்

1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு ஏறக்குறைய மரபாகிவிட்டது. புறக்கணிப்பால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எதுவும் வரவில்லை, ஆறே அணிகள், ஆகவே பாஸ்கரன் தலைமையில் இந்தியாவுக்கு வந்த தங்கம் ஆளில்லாத களத்தில் கிடைத்தது என்பது அதன் சாரம். இதைப் 'புறக்கணிப்பு வாசிப்பு' என்று அழைக்கலாம். இதில் உண்மை இருக்கிறது என்பதால்தான் மறுப்பது கடினம்.

அவ்வாசிப்பு முதலில் காட்டுவது தான்சானியாவை 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் இந்தியா வென்றதை. ஆறு ஆட்டங்களில் இந்தியா போட்டது 43 கோல். அதில் 31 இவ்விரு ஆட்டங்களில் வந்தவை. இதை ஒப்புக்கொண்டே மீதியைப் பார்ப்போம். போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2, சோவியத் அணியுடன் 4-2, இறுதியில் மீண்டும் ஸ்பெயினுடன் 4-3. நான்கு ஆட்டங்களில் போட்டது 12, வாங்கியது 9. ஆளில்லாத களத்தின் கணக்கு இப்படியா இருக்கும்?

இன்னொன்று. பாகிஸ்தானும் நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய 1976 மான்ட்ரியலில் ஸ்பெயின் ஆறாவது, இந்தியா ஏழாவது. அந்த ஏழாமிட அணியில் பாஸ்கரனும் இருந்தார். முந்தைய ஒலிம்பிக்கில் தன்னைவிட ஒரு படி மேலே நின்ற அணியைத்தான் இந்தியா 1980 ஜூலை 29 அன்று இறுதியில் வென்றது. புறக்கணிப்பு வாசிப்பு இந்த ஒப்பீட்டைத் தொடுவதே இல்லை. நெதர்லாந்தோ பாகிஸ்தானோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை எந்த ஏட்டிலும் கிடைக்காது.

இறுதி ஆட்டத்தின் கோல் பட்டியலைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். சுரிந்தர் சிங் சோதி இரண்டு, மகராஜ் கிஷன் கௌஷிக் ஒன்று: 3-0. பிறகு ஸ்பெயினின் ஹுவான் அமாத் இரண்டு. முகமது ஷாஹித் நான்காவதைப் போட, அமாத் மூன்றாவதையும் போட்டுவிட்டார். தலைவரின் பெயர் இதில் எங்குமில்லை. பாஸ்கரனைப் போல் ஹாஃப் பேக்காக ஆடுபவரின் வேலை கோல் பட்டியலில் ஏறாது. முன்னே பந்தைக் கொடுத்துவிட்டு, பின்னே ஓடிவந்து தடுப்பது அது. 3-0 என்றிருந்தது 4-3 ஆனதற்குத் தடுப்பாட்டத்தைக் குறை சொல்லலாம்தான். நாலாவதை வாங்காமல் நின்றதையும் அதே தடுப்பின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் துணிபு. இதற்குச் சான்று மெலிது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

மான்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி புல்லைவிட்டுச் செயற்கைத் தரைக்குப் போனது. பாஸ்கரனைப் போல் புல்தரையில் வளர்ந்த தலைமுறைக்கு மாஸ்கோ இரண்டாவது தேர்வு. இதையும் அந்த வாசிப்பு விட்டுவிடுகிறது.

அடுத்த ஒற்றைவரி, பாஸ்கரனின் பிறப்பிடம். 1950 ஆகஸ்ட் 17, 'ஆரணி, தமிழ்நாடு' என்ற அளவிலேயே பல சுருக்கக் குறிப்புகள் நிற்கின்றன. பட்டுக்குப் பேர்போன ஆரணி என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வர். ஆனால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஆரணி என்றால், பெரியபாளையத்துக்கு அருகே, ஆரணியாற்றங்கரையில் உள்ள ஊர்தான் நினைவுக்கு வரும். இன்று அது திருவள்ளூர் மாவட்டம்; 1950-இல் செங்கல்பட்டு மாவட்டம். பட்டு ஆரணி அன்று வட ஆற்காடு. ஆகவே மாவட்டப் பெயர் இல்லாத குறிப்பு இரண்டில் எதையும் உறுதியாக விலக்காது. ஆங்கில எழுத்தில் பட்டு ஆரணியை ஓர் உயிரெழுத்துக் குறைத்து எழுதும் பழைய வழக்கம் உண்டு. ஆனால் அந்த எழுத்து வேறுபாட்டை எல்லோரும் பேணுவதில்லை.

அடைமொழியின்றி ஊர்ப்பெயர் வந்தால் பெரிய ஊரைக் கொள்வதே முறை என்பதால், நானும் பட்டு ஆரணியின் பக்கமே சாய்கிறேன். சாய்வு மட்டுமே. மாவட்டப் பெயரோடு அக்காலப் பதிவொன்று கையில் வரும்வரை ஆற்றங்கரை ஆரணியை அடித்துவிட மனம் வரவில்லை.