இடம்புரி மரை

பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த மிதிவண்டி ஒன்றை அண்மையில் நாங்கள் விலைக்கு வாங்கினோம். பிரித்துத் துடைத்து மீண்டும் ஓட்டலாம் என்பது எண்ணம். இடப்பக்கப் பெடல் அசைய மறுத்தது. ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, இருவர் சேர்ந்து இடஞ்சுழியாகத் திருகினோம். ஸ்பேனர் வழுக்கி, பெடல் அச்சின் பட்டைகள் மழுங்கியதே மிச்சம். தெருமுனையில் மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு நேரமும் முடுக்கிட்டு இருந்திருக்கீங்க சார். இந்தப் பக்கம் எதிர் மரை.”

அந்த எதிர் மரைக்கு ஒரு வரலாறு உண்டு.

ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் மரைக்குப் பொருந்தாத காலம் இருந்தது. மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். பிரிட்டனின் மிதிவண்டிப் பொறியாளர்கள் 1902இல் தம் தொழிலுக்கென்று தனி மரை அளவுகளை வகுத்தனர்.

பெடலின் சிக்கல் வேறு. தொடக்ககால வண்டிகளில் இரு பெடல்களுக்கும் வலம்புரி மரையே இருந்தது. மிதிக்கும்போது காலின் பாரம் அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் அச்சு தன் மரைக்குள் மிக மெல்ல நகர்கிறது. வலப்பெடல் இறுகும், இடப்பெடல் கழன்று வீதியில் விழும். இடப்பக்கத்துக்கு இடம்புரி மரை வெட்டுவதே தீர்வாயிற்று. அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், கழன்று விழாத பெடல் என்று 1900இல் இதை விளம்பரம் செய்தனர். மூன்றாண்டுகள் கழித்து விமானத்தில் பறந்தவர்களும் அவர்களே.

1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. ஆங்கிலேய வண்டியின் அமைப்போடு அதன் மரை அளவும் நம் ஊருக்கு வந்தது. பெடல் அச்சுக்கு 9/16 அங்குலக் குறுக்களவு, அங்குலத்திற்கு 20 சுற்று. நூலில் இதைப் படித்திராத நம் கடைக்காரர்களின் கை இதை அறியும்.

பெரியவர் அவசரப்படவில்லை. இரும்பு துருவாகும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு இடையே இருந்த மயிரிழை இடைவெளியும் அடைபடுகிறது. ஆகவே மண்ணெண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டுவைத்தார். காலையில் சுத்தியலால் கிராங்கை மெல்லத் தட்டினார். மழுங்கிய அச்சில் அரத்தால் புதிய பட்டைகளைத் தேய்த்துத் தந்தார். பிறகு ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, வண்டியின் பின்புறமாகத் தள்ளினார். எந்தப் பக்கமானாலும் இப்படித் தள்ளினால் கழலும் என்பது அவர் சொன்ன விதி. கிறீச்சென்ற ஓசையுடன் பெடல் நகர்ந்தது.

கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னுக்கு அவர் கையாண்ட முறை வேறு. அதன் நட்டை முற்றிலும் கழற்றாமல், பின்னின் மரை நசுங்கிவிடாதபடி நுனிவரை விட்டுவைத்தார். கிராங்குக்கு அடியில் கனத்த குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு ஒரே அடி. முட்டு இல்லாவிட்டால் அடியின் வேகம் உள்ளிருக்கும் பால்ரஸ்களைப் பதம்பார்க்கும் என்றார்.

மூளை பிசகியவனை ‘மரை கழன்றவன்’ என்கிறோம். இலக்கியம் பயிற்றுவிக்கும் நாங்கள் அந்தத் தொடரை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். எந்த மரை எத்திசையில் கழலும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. இத்தனை ஆண்டுத் துரு செய்த சேதத்தைப் பெரியவர் சரிசெய்துவிட்டார். இடப்பெடலின் அச்சில் அரம் தேய்த்த தடம் மட்டும் இருக்கிறது. அது துருவினால் வந்ததன்று.