கோவென்ட்ரியின் குறுக்குக் குழாய்கள்

தீயணைப்புப் பம்புகளுக்கு எஞ்சின் செய்து பெயரெடுத்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி கிளைமாக்ஸ், பந்தயக் கார்களுக்காக 1,495 சிசி வி-8 ஒன்றை உருவாக்கியது. 1961 ஆகஸ்டில் ஜெர்மன் கிராண்ட் பிரீயில், ஜாக் பிராபம் ஓட்டிய கூப்பர் காரில் அது முதன்முதலாக இறங்கியது. எஞ்சின் கையடக்கம்தான்; எக்ஸாஸ்ட் குழாய்கள்தான் பெரும்பாடு. இடப்பக்கக் குழாய்களில் பாதி வலப்பக்கம் போகும், வலப்பக்கத்தில் பாதி இடப்பக்கம் வரும்.

வேடிக்கைக்காக யாரும் இப்படி வளைக்கவில்லை. பந்தயக் கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு வெகுமுன்பே இன்டேக் வால்வைத் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவேளையில்தான் எல்லாம் இருக்கிறது. சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்த அலை குழாயின் திறந்த முனையைத் தொட்டு, உறிஞ்சும் அலையாகத் திரும்பி ஓடிவரும். சரியான தருணத்தில் வந்தால் எரிந்த வாயுவின் மிச்சத்தை இழுத்துப்போட்டு, புதுக் கலவையையும் உள்ளே வரவழைக்கும். தவறினால் புகை இன்டேக் பக்கமே திரும்பும். 9,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 7 மில்லிசெகண்ட் கூடக் கிடையாது. ஆகவே கேமைத் தீர்மானிப்பவரும் குழாயை அளப்பவரும் ஆளுக்கொரு பக்கம் வேலை பார்க்க வழியில்லை.

இதில் மூன்றாவதாக ஒருவருக்கும் பங்குண்டு: கிராங்க் ஷாஃப்டைச் செய்பவர். சிலுவை வடிவக் கிராங்க் அதிர்வைக் குறைக்கும். ஆனால் ஒரே பக்கத்தின் இரு சிலிண்டர்கள் 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கும். ஒன்றின் அலை மற்றதன் வாயிலில் போய் முட்டும். சீரான இடைவெளி வேண்டுமானால், எதிர்ப்பக்கக் குழாய்களை இழுத்துவந்து சேர்ப்பதுதான் வழி.

1963-இல் கிளைமாக்ஸ் தட்டைக் கிராங்குக்கு மாறியது. அதிர்வு கூடியது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் 180 டிகிரிக்கு ஒருமுறை ஒழுங்காக வெடித்ததால் குறுக்குக் குழாய்கள் தேவையற்றுப் போயின. அந்த ஆண்டின் 10 உலகச் சாம்பியன்ஷிப் பந்தயங்களில் 7-ஐ, இந்த எஞ்சின் பொருத்திய லோட்டஸ் காரில் ஜிம் கிளார்க் வென்றார்.

காஸ்வொர்த் எஞ்சின் நிறுவனத்தின் கீத் டக்வொர்த், 1967-இல் வந்த டிஎஃப்வி எஞ்சினுக்கும் தட்டைக் கிராங்கையே எடுத்துக்கொண்டார். ஃபோர்டு தந்த ஒரு லட்சம் பவுண்டில் பிறந்த அந்த 3 லிட்டர் எஞ்சின், ஜூன் 4 அன்று சாண்ட்வோர்ட்டில் கிளார்க்கின் கையில் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது.

குறை இல்லாமலில்லை. சுமார் 6,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் சக்தி திடீரென்று பாயும். வளைவில் அது நேர்ந்தால் பின்சக்கரங்கள் வழுக்கும். உச்ச வேகத்துக்கென அமைந்த கேமையும் குழாயையும் தொடவே மனமில்லை போலும். ஆக்சிலரேட்டர் இணைப்பைத்தான் மாற்றினார்கள், பெடலின் முதல் அழுத்தத்துக்கு த்ராட்டில் கொஞ்சமாகவே திறக்கும்படி.