வாஸ், புனித யோசப் (1651–1711)

கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்த கத்தோலிக்கக் குரு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். விசுவாசிகள் மறைந்தே செபித்தனர். 1687இல் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கோலத்தில் இலங்கையில் வந்திறங்கிய வாஸ், கடும் நோயில் விழுந்தும் திரும்பிப் போகவில்லை. கழுத்தில் செபமாலை வெளியே தெரிய வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்தவரின் முகமாற்றமே அந்த வீட்டார் கத்தோலிக்கர் என்பதைக் காட்டிக்கொடுத்தது. பிடிபட்டால் என்னவாகும் என்று தெரிந்தே செய்த காரியம் இது. சில்லாலையைத் தளமாக்கி, இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். தேடுதல் இறுகியதும் புத்தளம் சென்றார். 1692இல் கண்டியில் உளவாளியெனச் சிறையிடப்பட்டபோதும் பணி நிற்கவில்லை. கண்டியிலேயே 1711 ஜனவரி 16இல் மறைந்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் இவரைப் புனிதராக அறிவித்தார்.