சர்ரியலிசமும் தைல வண்ணமும்

சர்ரியலிசம் (மீயதார்த்தம்) 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் என்ற கவிஞரின் அறிக்கையோடு பாரிசில் தொடங்கிய கலை இயக்கம். பகுத்தறிவின் பிடியிலிருந்து மனத்தை விடுவிக்க வேண்டும் என்றது. அது தூரிகையால் ஆகிற காரியமா என்ற ஐயம் இயக்கத்துக்குள்ளேயே எழுந்தது; சர்ரியலிச ஓவியம் என்று ஒன்று கிடையாது என்றே 1925இல் பியர் நவீல் எழுதினார். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், பூசிய வண்ணத்தைச் சுரண்டித் தற்செயலாகத் தெரியும் உருவங்களைத் தேடினார்.

இயக்கத்தின் ஓவியர்களான டாலியும் மக்ரித்தும் எதிர்த் திசையில் போனார்கள். டாலி போற்றியது 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரை. 1931இல் அவர் தீட்டிய ‘நினைவின் நிலைபேறு’ 24க்கு 33 செ.மீ. அளவே உள்ள சிறிய படம். தூரிகைத் தடமே தெரியாத வழவழப்பு. துணிபோல் தொங்கும் கடிகாரத்தின் மேல் ஓர் ஈ. கண்டதை அச்சாகக் காட்டவென்று பல தலைமுறைகள் வளர்த்த கைத்திறனைக் கொண்டே, காண முடியாததை நம்ப வைத்தார்.

டாலி கையாண்ட தைல வண்ணம் இந்தியாவுக்கு ஐரோப்பியரோடு வந்தது. ஓவியர் ரவி வர்மா (1848–1906) அதைக் கொண்டு தெய்வங்களுக்குச் சதையும் பட்டும் கொடுத்தார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்தப் படங்களை மலிவாக்கியது. மலேசியாவின் சுங்கை பாக்காப் வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் சாமி மேடைக்கு மேல் மாட்டியிருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் அந்த மரபில் வந்தவர்களே. தெய்வத்தின் முகம் இப்படித்தான் என்று நம் மனத்தில் பதித்ததில் தைல வண்ணத்துக்குப் பெரும் பங்குண்டு.

அந்தப் பதிவைத் தைல வண்ணத்தாலேயே அசைத்தவர் கல்கத்தாவின் பிகாஷ் பட்டாச்சார்ஜி (1940–2006). நவீன ஓவியர்கள் பலரும் உருவத்தைச் சிதைத்த காலத்தில், கலைப் பள்ளிகள் பழமையென்று ஒதுக்கத் தொடங்கிய மெய்யுருச் சித்திரிப்பை அவர் விடவில்லை. துணிச்சலான முடிவு அது. நக்சல்பாரி என்ற ஆயுதக் கிளர்ச்சியின் கொந்தளிப்பில் கல்கத்தா இரத்தம் சிந்திய நாட்களில் அவரது ‘பொம்மை’ வரிசை பிறந்தது: வட கல்கத்தாவின் பழைய வீடுகளில், ஆளில்லா இடங்களில், உயிருள்ளதுபோல் ஒரு பொம்மை. ஒளியும் நிழலும் அவ்வளவு துல்லியம் என்பதால்தான் அச்சம் வருகிறது; கோணல்மாணலாக வரைந்திருந்தால் வெறும் கற்பனை என்று கடந்துபோயிருப்போம். துர்கை வரிசையில், அன்றாடம் எதிர்ப்படும் சாதாரணப் பெண்ணின் நெற்றியில் மூன்றாவது கண் திறந்திருக்கும். கிரீடமோ பீடமோ தேவைப்படவில்லை. இந்தப் பெண்களையே அவருடைய ஆகச் சிறந்த படைப்பாகச் சொல்ல வேண்டும்.

1988இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2000இல் பக்கவாதம் அவரை முடக்கியது. இந்தியாவின் தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் சிறப்பு உறுப்பினர் தகுதி 2003இல் வந்தது.