இன்டர்நேஷனல் லைசென்ஸும் பதினான்காவது மாதமும்

"அப்பா, அட்டையிலேயே இன்டர்நேஷனல்னு போட்டிருக்கே. அப்ப எங்க போனாலும் செல்லும்தானே?"

புனே ஆர்.டி.ஓ.வில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கி வந்த சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே மகள் கேட்டாள். மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். ஊறுகாய் எத்தனை கிலோ வைத்தால் பெட்டி தாங்கும் என்று அவள் அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே கேள்வியை நான் 2004-ல் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதால் ஒரு ராத்திரி நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 மார்ச்சில் பொட்டி தட்டும் வேலையாக இங்கிலாந்தில் ரெடிங் போய் இறங்கினேன். ஒன்பது மாத ப்ராஜெக்ட் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கேயும் வண்டி இடதுபக்கம், ஸ்டியரிங் வலதுபக்கம். கோயம்புத்தூரில் பத்து வருஷம் ஓட்டிய கை. உள்ளூர் லைசென்ஸே போதும், ஓட்டலாம் என்றார்கள். பழைய கார் ஒன்று வாங்கினேன். ப்ராஜெக்ட் ஒருமுறை நீண்டது, இன்னொரு முறை நீண்டது. மனைவியும் வந்து சேர்ந்தாள். 2005 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால் கிளம்பி வாருங்கள் என்றார்கள். கிளம்பிப் போனோம். காலையில் இதோ இந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவள் பிறந்தாள்.

நாலு நாள் கழித்து, எங்கள் தெருவிலேயே இருந்த யாழ்ப்பாணத்து அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். ஒரு சிக்னல்கூட மீறாமல் பன்னிரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த பிரதாபத்தை அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நடுவில் நிறுத்தி, "தம்பி, நீங்கள் வந்து எவ்வளவு காலம்?" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு வரியம் முடிஞ்சுதெண்டால் உங்கட லைசன்ஸ் இங்க செல்லாது. இனி ஓடாதேங்கோ."

அன்றைக்கு நான் இருந்தது பதினான்காவது மாதம். வயிற்றில் பிள்ளையோடு மனைவியை உட்கார வைத்து, அந்த நாட்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவனாக ஓட்டியிருக்கிறேன். எங்கேயாவது மோதியிருந்தால் இன்ஷூரன்ஸ் கை விரித்திருக்கலாம், வழக்கு வந்திருக்கும், விசா என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

பதினோராவது மாதம் வரை நல்ல டிரைவராக இருந்தவன் பதின்மூன்றாவது மாதத்தில் எப்படிக் கெட்ட டிரைவர் ஆனேன் என்ற கோபம் ரொம்ப நாள் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்த ஒரு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

கார் ஓட்ட அனுமதி வேண்டும் என்ற எண்ணம் கார் வந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டது. பாரிஸ் போலீஸ் 1893-லேயே அதற்குச் சான்றிதழ் கேட்டது. ஆனால் அனுமதி வேறு, தேர்வு வேறு. நம்மை இத்தனை கேள்வி கேட்கும் இங்கிலாந்தில் 1903-ல் மோட்டார் கார் சட்டம் வந்து, 1904 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் கட்டாயம் ஆனது. ஐந்து ஷில்லிங் கட்டினால் கையில் கொடுத்துவிடுவார்கள். ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தேர்வு கட்டாயம் ஆனது 1935 ஜூன் 1-ல். அதுவும் புதிதாக ஓட்ட வந்தவர்களுக்கு மட்டும். பழைய ஆட்கள் ஆயுசு முழுக்கத் தேர்வு எழுதாமலே ஓட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போதும், 1956-ல் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோதும் தேர்வையே நிறுத்தி வைத்தார்கள். பெல்ஜியம் இன்னும் வேடிக்கை. அங்கே 1967 வரை லைசென்ஸ் என்ற சமாச்சாரமே கிடையாது. அதே சமயம் இந்தியா முழுமைக்கும் பொதுவான மோட்டார் வாகனச் சட்டம் 1914-லேயே வந்துவிட்டது, கொண்டு வந்தது அதே பிரிட்டிஷார்தான்.

அடுத்த தலைவலி எல்லை தாண்டுவது. ஐரோப்பாவில் காலையில் கிளம்பினால் சாயங்காலம் வேறு நாடு. பணக்காரர்கள் காரில் ஊர் சுற்றக் கிளம்பியதும் ஒவ்வொரு எல்லையிலும் புதுச் சட்டம், புதுச் சீட்டு. இதற்காக 1909 அக்டோபரில் பாரிஸில் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். காருக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். எல்லா நாட்டுக்கும் பொதுவாக நாலே நாலு சாலைக் குறிகள்: மேடு பள்ளம், வளைவு, நாற்சந்தி, ரயில்வே கேட். (நம்ம ஊருக்கு முதல் குறி ஒன்றே போதும் என்பது வேறு விஷயம்.) 1926-ல் மறுபடி பாரிஸில் கூடி, காருக்குத் தனி, ஆளுக்குத் தனி என்று சான்றிதழைப் பிரித்தார்கள். மகள் கையில் இருக்கும் புத்தகத்துக்கு அந்தத் தனிச் சான்றிதழ்தான் தாத்தா.

புத்தகத்துக்கு அப்பா 1949 செப்டம்பர் 19-ல் ஜெனீவாவில் கையெழுத்தான ஒப்பந்தம். இந்தியா இதில் 1962-ல் முறைப்படி சேர்ந்தது. சாம்பல் அட்டை, உள்ளே வெள்ளைத் தாள், கடைசிப் பக்கம் பிரெஞ்சில், ஒரு வருஷம் செல்லும் என்பதெல்லாம் அங்கே முடிவானவை. கார் பின்னால் நாட்டு எழுத்து ஒட்டும் பட்டியலும் அதில்தான் இருக்கிறது. நமக்கு ஐ.என்.டி. இலங்கைக்கு இன்றைக்கும் சிலோனின் சி.எல்.தான், பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆனாலும்.

நான் தேடிய ஒரு வருஷமும் அந்த ஒப்பந்தத்தில்தான் கிடைத்தது. தன் மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து தங்கிவிட்ட ஓட்டுநருக்கு இந்தச் சலுகைகளைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்த நாட்டுக்கும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1968-ல் வியன்னாவில் போட்ட அடுத்த ஒப்பந்தம் (இந்தியா இதில் சேரவில்லை) இன்னும் பட்டவர்த்தனம். லைசென்ஸ் வாங்கிய பிறகு ஒருவர் தன் வழக்கமான வசிப்பிடத்தை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டால், அவர் லைசென்ஸை அந்த நாடு மதிக்க வேண்டியதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டது.

அதைப் படித்தபோது என் கோபம் பாதி இறங்கியது. 1909-லிருந்து இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் சுற்றிப் பார்க்க வந்து திரும்பிப் போகிறவருக்காக எழுதியவை. பொட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, வாடகை வீடு பிடித்து, பிள்ளை பெற்று, இன்னும் ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிற நம்மை அதில் யாரும் யோசிக்கவில்லை. நானோ ரெடிங்கில் இருந்த நாள் முழுக்க என்னை வந்து போகிறவனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் கணக்கில் நான் முதல் நாளே குடிவந்தவன். பன்னிரண்டு மாதம் என்பது அவர்கள் கொடுத்த அவகாசம்.

மீதிப் பாதிக் கோபத்துக்கும் நியாயம் உண்டு. வசிக்க வந்தவருக்கு லைசென்ஸை அப்படியே மாற்றிக் கொடுப்பது ஒப்பந்தத்துக்கு வெளியே, ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி வைத்திருக்கும் பட்டியல். இங்கிலாந்தின் பட்டியலில் ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் உண்டு. ஜிம்பாப்வே உண்டு. இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. துபாயில் ஐரோப்பியர் லைசென்ஸைக் காட்டி மாற்றிக்கொண்டு போவார்கள், நம்மவர் தேர்வில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கோவையில் நான் லைசென்ஸ் வாங்கிய அன்று, டிரைவிங் ஸ்கூல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பக்கத்து கிளட்ச்சை அமுக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முந்நூறு அடி போனேன். அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை இன்னொரு நாட்டுக்காரன் நம்ப வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பேன்?

ஆகவே முப்பத்தி மூன்று வயதில் சிவப்பு எல் போர்டு ஒட்டிக்கொண்டேன். கற்கிறவர் பக்கத்தில் மூன்று வருஷமாவது லைசென்ஸ் வைத்திருப்பவர் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. சனி, ஞாயிறுகளில் அந்த அக்காதான் வந்து உட்கார்ந்தார். அவர் எழுத்துத் தேர்வை ஹெட்போனில் தமிழில் கேட்டு எழுதித் தேறியவர். ஆமாம், அந்நாளில் இங்கிலாந்து லைசென்ஸ் தேர்வில் தமிழ்க் குரல் வசதி இருந்தது. இந்தி, குஜராத்தி, பஞ்சாபி, உருது, வங்காளம் என்று மொத்தம் பத்தொன்பது மொழிகளில் கொடுத்து வந்ததை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழ் தெரிந்த நமக்கு இந்த வசதிகளை வாங்கித் தந்தது பெரும்பாலும் அகதியாக வந்து இறங்கிய ஈழத்தமிழர்களின் எண்ணிக்கைதான் என்பது என் அபிப்பிராயம்.

முதல் தடவை ஃபெயில். கண்ணாடி பார்க்கவில்லை என்று எழுதினார்கள். பார்த்தேன், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். "தலையைத் திருப்புங்கோ தம்பி, அவைக்குத் தெரிய வேணும்" என்றார் அக்கா. இரண்டாவது தடவை கோயில் மாடு மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டிப் பாஸ் பண்ணினேன். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து மாதம், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதெல்லாம் அக்கா கார் புண்ணியத்தில்.

2008-ல் இந்தியா திரும்பிப் புனேயில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே வந்து பார்த்தால் நம்ம சட்டம் தாராள மனசு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதே வகை வண்டிக்கு ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. என்னோடு சேர்ந்த ஒருவர் அமெரிக்காவில் வலதுபக்கமாக மட்டுமே ஓட்டிப் பழகியவர். அவருக்கு எந்தத் தேர்வும் இல்லாமல் லைசென்ஸ் வந்தது. முதல் வாரம் அவரோடு காரில் போன அனுபவத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் லைசென்ஸுக்கும் பிரச்சினை இல்லை, இந்தியா முழுக்கச் செல்லும். காருக்குத்தான் வந்தது. கோவையிலிருந்து கொண்டு வந்த டி.என். 37 வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும், அதே சட்டத்தின் 47-வது பிரிவு. அங்கே ஆள், இங்கே வண்டி, இரண்டுக்கும் அதே பன்னிரண்டு மாதம்! வட மாநிலங்களில் இருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர் இதற்காக வழியில் நிறுத்தப்பட்டிருப்பீர்கள். 2021-ல் வந்த பி.ஹெச். நம்பர் அடிக்கடி மாற்றலாகும் சிலருக்கு மட்டும் இதைத் தீர்த்து வைத்திருக்கிறது.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் ஒருநாள் இது வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, ஸ்பெயினில் குடியிருந்த பிரிட்டிஷாரின் லைசென்ஸ் 2022 மே 1 முதல் அங்கே செல்லாமல் போனது. பல வருஷமாக அங்கேயே ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஸ்பானியப் பயிற்சிப் பள்ளியில் போய் உட்கார வேண்டிய நிலை. 2023 மார்ச்சில் இரண்டு நாடும் உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான் மாற்றிக்கொள்ள முடிந்தது. செய்தியைப் படித்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் போகவும் டாக்டரிடம் போகவும் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சுகிறோம் என்று அவர்கள் சொன்னது அக்காவின் காரை ஞாபகப்படுத்திவிட்டது. சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் கணக்கு, அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு என்றேன். இந்தப் புத்தகம் ஒரு வருஷம் செல்லும் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே என்றேன்.

"நான் என்ன அங்கேயே இருக்கப் போறேனா, ரெண்டு வருஷப் படிப்புதானே" என்றாள்.

ஒன்பது மாத ப்ராஜெக்ட் என்று போனவன் பேசாமல் எழுந்து போய், அவள் விமானம் ஏறும் தேதியிலிருந்து ஆறாவது மாதத்தை டெய்லி காலண்டர் அட்டையின் பின்பக்கம் குறித்து வைத்தேன்.