மழையில் அழியும் கப்பல்கள்

‘டெக்சாஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் 1914-இல் கடற்படையில் சேர்ந்தது. இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரைமேல் குண்டு பொழிந்தது, அடுத்த வருடம் இவோ ஜிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் போய் வந்தது. இத்தனைக்கும் தாக்குப்பிடித்த கப்பலை 1948-இல் ஹூஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள். இருபதே வருடம்தான். மேல்தளத்துப் பலகைகள் உளுத்துப்போய், மழைத்தண்ணீர் கீழே இருக்கிற அறைகளுக்குள் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

திரும்பவும் மரமே போடலாம் என்றால் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் 1968-இல் மரத்தையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டு கான்கிரீட் ஊற்றினார்கள்.

காகிதத்தில் பார்த்தால் இந்த முடிவில் ஒரு பிழையும் தெரியாது. மலிவு, உறுதி, உளுக்காது, பூச்சி அரிக்காது. ஆனால் கப்பல் என்பது கார் நிறுத்துமிடம் கிடையாது. கட்டிப்போட்ட கப்பலும் அசைந்துகொண்டேதான் இருக்கும். பகலில் மேல்தளம் வெயிலில் கொதிக்கும், அடிப்பக்கம் தண்ணீருக்குள் குளிர்ந்து கிடக்கும். எஃகு நீளும், சுருங்கும். அதோடு சேர்ந்து வளையத் தெரியாத கான்கிரீட் விரிசல் விட்டது. விரிசல் வழியாக இறங்கின மழைத்தண்ணீர், வெளியே வரவும் வழியில்லாமல் காயவும் வழியில்லாமல் எஃகுத் தகட்டின் மேலேயே தங்கியது. மரம் ஒழுகினால் எங்கே ஒழுகுது என்று தேடிப் பிடித்து ஒரு பலகையை மாற்றலாம். கான்கிரீட்டில் விரிசல் ஓர் இடத்தில் இருக்கும், கசிவு இன்னோர் இடத்தில் தெரியும். நம்ம ஊர் அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைக் கசிவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைசியில் 1988-இல் கப்பலை இழுத்துக்கொண்டு போய், இரண்டு வருடப் பழுதுபார்ப்பில் கான்கிரீட்டை உடைத்தெடுத்துவிட்டு பைன் மரப் பலகை போட்டார்கள்.

இதைப் படித்ததிலிருந்து மரத்தளங்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரக்கப்பலுக்கு எதிரி கடல், உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுத்தான் மரம் கெட்டுப்போகும் என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. அதற்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வேலையில்லை. முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கின மரத்துக்குக் காற்று கிடைக்காது, அங்கே கப்பல் புழு துளைக்குமே தவிர பூஞ்சை வராது. உப்பு இருக்கும் இடத்திலும் பூஞ்சை சரியாக வளராது. ஆக, மேல்தளத்துக்கு ஆபத்து மேலிருந்து விழுகிற நல்ல தண்ணீரால்தான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தச்சர்கள் கப்பலின் விலா எலும்பு போன்ற வங்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் உப்பைக் கொட்டி நிரப்பினார்கள். ஊறுகாய் போடுவது மாதிரிதான்.

மாலுமிகள் தினமும் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றித் தளத்தைக் கழுவியது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. அந்தத் தண்ணீரில் பலகைகள் ஊதி ஒன்றோடொன்று இறுகி நிற்கும். காயவிட்டால் சுருங்கி இடைவெளி விடும், அடுத்த மழைக்கு ஒழுகும். ஓடுகிற கப்பலுக்கு இந்தக் கவனிப்பு தானாகவே கிடைத்தது. அருங்காட்சியகமானதும் மாலுமி போய்விட்டார், வாளி போய்விட்டது, மழை மட்டும் மிச்சம்.

ஆனால் அந்த மாலுமியேதான் தளத்தைத் தேய்த்தும் தீர்த்தார். மணலைத் தூவி, செங்கல் அளவுள்ள மணற்கல்லால், மண்டியிட்டுத் தேய்ப்பார்கள். ஜெபம் பண்ணுகிற மாதிரி மண்டியிடுவதால் அதற்குப் ‘புனிதக் கல்’ என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. பலகையை அடியிலிருக்கும் குறுக்குச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணியின் தலையைக் குழிக்குள் இறக்கி, மேலே ஒரு சின்ன மரத்தக்கை வைத்து அடைத்திருப்பார்கள். தளம் தேயத் தேய அந்தத் தக்கையின் கனம் குறையும், ஒரு நாள் கழன்று போகும். ஆணித்தலை வெளியே வரும், அந்தக் குழி வழியாகத் தண்ணீர் நேராகச் சட்டத்துக்கே இறங்கும். மேலே பலகை பளபளவென்று நல்லாத்தான் இருக்கும். அடியில் சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும். இப்படித் தேய்ந்த தளங்களை மாற்றுகிற செலவு தாங்காமல்தான் அமெரிக்கக் கடற்படை 1931-இல் கல்லால் தேய்க்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது.

பலகையை மாற்றுவது பாதி வேலைதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடுக்கை அடைப்பது மீதிப் பாதி. இதற்குத் தமிழில் கலப்பத்து என்று பெயர். போர்ச்சுகீசியரின் ‘கலாஃபாத்தே’யோடு ஒட்டிய சொல். பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைக் கீலில் தோய்த்து, உளியும் கொட்டாப்புளியும் வைத்து இடுக்குக்குள் அடித்து இறக்கி, மேலே சூடாகக் கீலை ஊற்றுவார்கள். நார் கொஞ்சம் தளர்ந்தாலும் ஒழுகும், ரொம்ப இறுக்கினாலும் பலகை ஊதும்போது இடம் இல்லாமல் நெளியும். எவ்வளவு போதும் என்பதை உளிமேல் விழும் அடியின் சத்தத்தை வைத்தே பழகின தச்சர் கண்டுபிடிப்பார். இந்தச் சத்தத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது.

சரி, அத்தனை கயிற்றையும் பிரித்தது யார்? பிரிட்டனில் அது சிறைக்கைதிகளின் வேலை, ஏழைகளை அடைத்து வைத்த விடுதிகளின் வேலை. கீல் ஏறிக் கட்டிபோல் இறுகின கயிற்றை விரல் நகத்தால் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்டுக்கு விடுதியில் கொடுக்கப்படும் ‘தொழிற்கல்வி’ இதுதான். 1895-இல் சிறைக்குப் போன ஆஸ்கர் வைல்டும் கயிறு பிரித்திருக்கிறார். கப்பல் வரலாற்றைத் தளபதிகளின் பெயரால் எழுதுகிறவர்கள் இந்த நகங்களைப் பற்றி ரொம்பப் பேசுவதில்லை.

மரமும் அப்படித்தான், எங்கிருந்தோ வந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிரிட்டனுக்கு ஓக் மரம் பற்றாமல் போனது. திருகோணமலையின் பெயர் தாங்கிய ‘ட்ரிங்கோமலீ’ கப்பலை பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தேக்கில் கட்டினார்கள். 1817 அக்டோபரில் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊரில் இன்னமும் மிதந்துகொண்டிருக்கிறது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பை அரிக்கும், எண்ணெய்ப்பசை உள்ள தேக்கு அப்படிச் செய்யாது. இரும்புக் கப்பல்களின் காலம் வந்த பிறகும் மேல்தளத்துக்குத் தேக்கையே தேடியதற்கு இது ஒரு காரணம். ‘டீக்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் ‘தேக்கு’க் குடும்பத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனதுதான். வெட்டி வெட்டி மலபார் காடு மெலிந்த பிறகு, 1840-களில் கலெக்டர் கொனொலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட வைத்தார். கன்றுகளை வளர்த்தெடுத்த வேலை சாத்து மேனனுடையது. தேக்கு முதிர அறுபது எழுபது வருடம் ஆகும். நட்டவர்களில் ஒருவரும் அந்த மரம் கப்பலாவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1797-இல் நீரில் இறங்கிய ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பலைப் பழுதுபார்ப்பதற்கென்றே அமெரிக்கக் கடற்படை இண்டியானாவில் வெள்ளை ஓக் மரங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது.

நெல்சனின் ‘விக்டரி’ 1922-இலிருந்து போர்ட்ஸ்மத்தில் உலர்துறைக்குள் நிற்கிறது. 1805-இல் அவர் குண்டு பட்டு விழுந்த இடத்தில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் அங்கே குனிந்து நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் தகட்டுக்கு அடியில் இருப்பது அவர் விழுந்த பலகை அல்ல, அதெல்லாம் எப்போதோ மாற்றியாகிவிட்டது. இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ‘அப்போ இது டூப்ளிகேட் தானே’ என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேல்தளப் பலகையை மாற்றாமல் விட்டிருந்தால், கீழே பீரங்கித் தளத்தில் இன்னமும் இருக்கிற பழைய ஓக் மரம் எப்போதோ உளுத்துப் போயிருக்கும். தீசியஸின் கப்பல் அதே கப்பலா வேறு கப்பலா என்று தத்துவக்காரர்கள் இரண்டாயிரம் வருடமாகக் கேட்கிறார்கள். பலகையை மாற்றின ஓடாவி யார், அவருக்குக் கூலி கிடைத்ததா என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. விக்டரிக்கு 2022-இல் பத்து வருடத் திட்டம் ஒன்று தொடங்கியது. பூஞ்சையும் வண்டும் தின்ற மரத்தை எடுத்துவிட்டுப் புது ஓக் வைக்கிறார்கள். அதற்கு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, மழை படாமல் கப்பலுக்குக் கூரை போட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் எல்லோருக்கும் தெரியும், சுல்தான் பள்ளிவாசல், துணிக்கடை, காப்பிக்கடை. கெலாம் என்பது ஒரு மரம். தாள் தாளாக உரிந்து வரும் அதன் பட்டையைத்தான் இங்கே படகின் இடுக்கு அடைக்கப் பயன்படுத்தினார்கள். அங்கே கயிற்று நார், இங்கே மரப்பட்டை.

கோல திரங்கானுவில், ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் பூலாவ் டூயோங்கில் இந்தப் பட்டைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அங்கே வரைபடம் கிடையாது. வங்கை முதலில் நிறுத்தாமல், செங்கால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரமுளையால் இணைத்து, நடுவில் கெலாம் பட்டையை வைத்து, உடம்பு முழுக்க உருவான பிறகுதான் உள்ளே வங்குகளைப் பொருத்துகிறார்கள். மேல்தளம் அதற்கும் பிறகு. செங்கால் கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்கே கனமான மரம், கறையானே தொட யோசிக்கும். ஆனால் மெதுவாக வளரும், இப்போது காட்டில் தேட வேண்டியிருக்கிறது, விலையும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து சொந்தப் பாய்ப்படகு கட்டிக்கொண்டு போனார்கள். இன்று கட்டுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். பெரும்பாலும் வயதானவர்கள், அளவுகள் அவர்கள் தலைக்குள் இருக்கின்றன.

கரையேற்றிக் காட்சிக்கு வைத்த மரப்படகை இனி எங்கே பார்த்தாலும் அதன் நீளத்தையும் வயதையும் எழுதியிருக்கும் பலகையை விட்டுவிட்டு மேல்தளத்தைப் பாருங்கள். கூரை இருக்கிறதா, இடுக்கில் புல் முளைத்திருக்கிறதா, ஆணித்தலை வெளியே தெரிகிறதா. திரங்கானுவில் நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும்.